0.87 எங்கிருந்து வந்தது?

இதழியல், தொடர்பியல் துறைகளின் ஆய்வு நெறியாளர்களுக்கும் பாடத்திட்டக் குழுவினருக்கும் ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மா,

வணக்கம். நான் ஆய்வேடுகளுக்குப் பிழை திருத்துகிறவன். அதற்கு முன் இருபது வருடம் ஒரு நாளிதழில் துணை ஆசிரியர். ஒற்றுப்பிழை, சந்திப்பிழை, ஒருமை பன்மை மயக்கம், இவற்றைச் சரிசெய்யத்தான் மாணவர்கள் எனக்குக் காசு கொடுக்கிறார்கள். ஆய்வுமுறை பற்றிக் கருத்துச் சொல்ல யாரும் கொடுப்பதில்லை. இருந்தும் இந்தக் கடிதத்தை எழுத வேண்டியதாகிவிட்டது.

சென்ற ஆண்டு என் மேசைக்கு வந்த ஆய்வேடுகளில் மூன்று, உள்ளடக்கப் பகுப்பாய்வு முறையில், அதாவது செய்திகளையோ விளம்பரங்களையோ வகை பிரித்து எண்ணிப் பார்க்கும் முறையில் செய்யப்பட்டவை. ஒன்று விவசாயச் செய்திகள் பற்றியது, ஒன்று தொலைக்காட்சி விளம்பரங்களில் பெண்கள், மற்றொன்று தேர்தல் செய்திகள். மூன்றிலும் மூன்றாம் அத்தியாயத்தில் ஒரே வாக்கியம்: ‘இரு குறியிடுநர்களுக்கு இடையிலான உடன்பாடு 0.87 எனக் கண்டறியப்பட்டது.’ குறியிடுநர் என்றால் ஒவ்வொன்றையும் படித்து அது எந்த வகை என்று குறிப்பவர். இருவரும் முழுக்க ஒத்துப்போனால் உடன்பாடு 1. முதல் இரண்டு தடவை கண்ணில் படவில்லை. மூன்றாவது தடவை, ‘குறியிடுநர்’ என்பதில் மூன்றிலும் ஒரே எழுத்துப்பிழை இருந்ததால் பிடிபட்டது. மாணவரைக் கூப்பிட்டுக் கேட்டேன். “தம்பி, உங்களோடு சேர்ந்து கோடிங் பண்ணினது யாரு?” கொஞ்ச நேரம் பேச்சில்லை. அப்புறம், “அது சீனியர் தீசிஸ்ல இருந்ததுண்ணே. வைவாவுல யாரும் கேக்க மாட்டாங்கன்னு சொன்னாங்க” என்றார்.

அவர் சொன்னது சரிதான். வைவாவில், அதாவது வாய்மொழித் தேர்வில், யாரும் கேட்கவில்லை.

அந்தப் பையன்மேல் எனக்குக் கோபம் இல்லை. ஆறு மாதத்து நாளிதழ்களை நூலகத்தில் உட்கார்ந்து புரட்டி, 600 செய்திகளைத் தனியாகப் படித்துத் தாளில் குறித்திருக்கிறார். உழைப்பில் குறை சொல்ல முடியாது. அவர் செய்யாமல் விட்டது ஒன்றுதான்: அதே செய்திகளில் கொஞ்சத்தை எடுத்து இன்னொருவர் கையில் கொடுத்து, “நீயும் குறித்துப் பார்” என்று சொல்லவில்லை. அதைச் செய்யாவிட்டால் அந்த 600 செய்திகளும் ஒரு தனிமனிதரின் அபிப்பிராயம் என்ற அளவிலேயே நின்றுவிடும். டீக்கடையில் பேப்பர் படிக்கிறவரும் அபிப்பிராயம் சொல்கிறார். அவருக்கு அட்டவணை போடத் தெரியாது, அவ்வளவுதான் வித்தியாசம்.

இந்த ஒத்துப்போதல் கணக்கு ஏன் வந்தது என்பதை மாணவர்களுக்கு யாரும் சொல்வதில்லை போலிருக்கிறது. நான் சந்தித்தவர்களில் பலரும் ‘நூற்றுக்கு இத்தனை ஒத்துப்போனது’ என்பதே போதும் என்று நினைக்கிறார்கள். ஒரு சின்னக் கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 100 குற்றச் செய்திகள். கேள்வி: ‘பாதிக்கப்பட்ட பெண்மீதே செய்தி பழி போடுகிறதா?’ இரண்டு பேர் தனித்தனியாகப் படிக்கிறார்கள். ஒவ்வொருவரும் 10 செய்திகளுக்கு ‘ஆம்’, 90 செய்திகளுக்கு ‘இல்லை’ என்கிறார்கள். 84 செய்திகளில் இருவரும் ‘இல்லை’, 4 செய்திகளில் இருவரும் ‘ஆம்’. ஆக 88 சதவீதம் ஒத்துப்போகிறது. பிரமாதம் என்று தோன்றும். ஆனால் இரண்டு பேருமே செய்தியைப் படிக்காமல், கண்ணை மூடிக்கொண்டு பத்துக்கு ஒன்று ‘ஆம்’ என்று போட்டிருந்தாலும் 82 சதவீதம் தானாகவே ஒத்துப்போயிருக்கும். தற்செயலுக்கு மேலே அவர்கள் சம்பாதித்தது 6 புள்ளி. சம்பாதிக்க வாய்ப்பிருந்தது 18. ஆறைப் பதினெட்டால் வகுத்தால் 0.33. ஆய்வு தேடிப்போனதே அந்த ‘ஆம்’ செய்திகளைத்தான். அவற்றில் பத்துக்கு நான்கில்தான் இருவர் கண்ணும் ஒன்றாகப் பார்த்திருக்கின்றன.

இந்தத் தற்செயலைக் கழிக்கத்தான் 1955-இல் வில்லியம் ஸ்காட் ஒரு சூத்திரம் தந்தார், 1960-இல் ஜேக்கப் கோஹன் ‘கப்பா’ என்ற அளவைத் தந்தார். கிளவுஸ் கிரிப்பன்டார்ஃப், ‘ஆல்ஃபா’ என்ற தன் உடன்பாட்டு அளவு 0.8 ஆவது இருக்க வேண்டும் என்றார். 0.667-க்குக் கீழே போனால் தற்காலிக முடிவுகூடச் சொல்லாதீர்கள் என்பது அவர் கட்சி. இந்தப் பெயர்களெல்லாம் நம் ஆய்வேடுகளின் இரண்டாம் அத்தியாயத்தில் தவறாமல் வருகின்றன. மூன்றாம் அத்தியாயத்தில் அவர்கள் சொன்ன வேலைதான் நடப்பதில்லை.

உள்ளடக்கப் பகுப்பாய்வு ஒரு காலத்தில் என்ன செய்து காட்டியது என்பதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் மாணவர்களுக்கு இது ‘எளிதான மெதட், புள்ளியியல் குறைவு’ என்ற அளவில்தான் அறிமுகமாகிறது. 1910-இல் ஃபிராங்ஃபர்ட் நகரில் ஜெர்மானியச் சமூகவியலாளர்களின் முதல் மாநாட்டில் மாக்ஸ் வேபர், செய்தித்தாளை ஆராய வேண்டுமானால் கத்தரிக்கோலையும் கவராயத்தையும் எடுத்துக்கொண்டு அளக்கத் தொடங்குவோம் என்றார். பெரிய தத்துவம் பேசியவர், இதில் மட்டும் தையற்காரர்போல இறங்கி வந்தார். அளந்து கிடைப்பது கடைசிப் பதில் இல்லை என்று அவருக்குத் தெரியும். ஆரம்பிக்க வேண்டிய இடம் அது என்றுதான் சொன்னார். நம் மாணவர்கள் இன்றைக்கும் ஸ்கேலை வைத்துப் பத்தி சென்டிமீட்டர் அளக்கிறார்கள், சரி. ஆனால் அளந்ததோடு எழுந்துவிடுகிறார்கள்.

பத்து வருடம் கழித்து நியூயார்க்கில் நடந்த ஒரு வேலையை நான் அடிக்கடி நினைப்பதுண்டு. வால்டர் லிப்மன், சார்லஸ் மெர்ஸ் என்ற இரண்டு பத்திரிகையாளர்கள் 1917 மார்ச் முதல் 1920 மார்ச் வரையிலான ‘நியூயார்க் டைம்ஸ்’ இதழ்களை எடுத்துக்கொண்டு, ரஷ்யப் புரட்சி பற்றிய 3000-க்கும் மேற்பட்ட செய்திகளைப் படித்தார்கள். 1920 ஆகஸ்ட் 4 அன்று ‘நியூ ரிபப்ளிக்’ வார இதழின் 42 பக்க இணைப்பாக முடிவு வந்தது. 1917 நவம்பர் முதல் 1919 நவம்பர் வரையிலான இரண்டு வருடத்தில் மட்டும், புரட்சியில் வந்த போல்ஷெவிக் ஆட்சி கவிழ்ந்துவிட்டது அல்லது கவிழப்போகிறது என்று அந்த நாளிதழ் 91 முறை எழுதியிருந்தது. ஆட்சி கவிழவில்லை.

அந்த 91-இல் என்ன அழகு என்றால், அதை மறுக்க யாராலும் முடியாது. ‘பத்திரிகை பாரபட்சமாக இருந்தது’ என்று எழுதியிருந்தால், ‘உங்களுக்கு அப்படித் தெரிகிறது’ என்று ஆசிரியர் சொல்லிவிட்டுப் போயிருப்பார். லிப்மனும் மெர்ஸும் பாரபட்சத்தை நேராக அளக்கவே இல்லை. எந்தக் கட்சிக்காரரும் மறுக்க முடியாத சில நிகழ்வுகளை மட்டும் அளவுகோலாக எடுத்துக்கொண்டார்கள்: ரஷ்யா போரிலிருந்து விலகியது, போல்ஷெவிக்குகள் ஆட்சியில் நீடித்தார்கள், அவர்களுக்கு எதிரான படையெடுப்புகள் தோற்றன. இவற்றுக்குப் பக்கத்தில் செய்திகளை வைத்து, எவ்வளவு தூரம் விலகின என்று பார்த்தார்கள். இரண்டு பேரும் போல்ஷெவிக் அனுதாபிகளும் இல்லை. அதில் ஒருவரான மெர்ஸ் பிற்பாடு 1938-இல் அதே நியூயார்க் டைம்ஸின் தலையங்கப் பக்க ஆசிரியராகி, 1961 வரை அந்த நாற்காலியில் இருந்தார். நம்மூரில் ஒரு நாளிதழை இப்படிக் கிழித்தவருக்கு அதே நாளிதழில் வேலை கிடைக்குமா என்பது வேறு கதை.

நம் மாணவர்களின் குறியீட்டுத் தாளில் என்ன இருக்கிறது? ‘நேர்மறை, எதிர்மறை, நடுநிலை’ என்று மூன்று கட்டம். எந்தத் தலைப்பு என்றாலும் இதே மூன்று கட்டம். விவசாயி தற்கொலைச் செய்தி விவசாயத்துக்கு எதிர்மறையா, அரசுக்கு எதிர்மறையா? கடன் தள்ளுபடிச் செய்தி யாருக்கு நேர்மறை? விதி எழுதாமல் குறித்தால் காலையில் ஒரு மாதிரியும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு வேறு மாதிரியும்தான் குறிப்போம்.

இதைச் சோதித்துப் பார்க்க, ஒரு ஞாயிற்றுக்கிழமை என் அக்கா மகளை உட்காரவைத்தேன். கல்லூரியில் கணிதம் படிக்கிறாள். பழைய நாளிதழ்களிலிருந்து 40 குற்றச் செய்தித் தலைப்புகளை வெட்டி எடுத்தேன். ‘பெண்மீது பழி போடுகிறதா?’ என்ற ஒரே கேள்வி. தனித்தனி அறையில் குறித்தோம். 11 தலைப்புகளில் எங்களுக்குள் ஒத்துப்போகவில்லை. அதில் பாதிக்கு மேல் ‘கள்ளக்காதல்’ என்ற சொல் இருந்த தலைப்புகள்.

“அந்த வார்த்தையே பழிதானே மாமா, இதுல என்ன சந்தேகம்?” என்றாள். போலீஸ் குறிப்பில் அப்படித்தான் இருக்கும், நாங்கள் அப்படியே எடுத்துப் போடுவோம், அதில் எங்கள் கருத்து எதுவும் இல்லை என்று வாதாடினேன். இருபது வருடம் அந்தச் சொல்லைத் தலைப்பில் போட்ட கை இது. அரை மணி நேரச் சண்டைக்குப் பிறகு ஒரு விஷயம் தெளிவானது. நாங்கள் இரண்டு கேள்விகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பியிருந்தோம். தீர்ப்புச் சொல்லும் சொல் தலைப்பில் இருக்கிறதா என்பது ஒன்று. நடந்ததற்குக் காரணம் அந்தப் பெண்தான் என்று வாக்கியம் சொல்கிறதா என்பது இன்னொன்று. முதலாவதை யார் குறித்தாலும் ஒரே பதில்தான் வரும். இரண்டாவதற்கு விதியும் உதாரணங்களும் எழுத வேண்டும். எழுதினோம், ஒன்றரைப் பக்கம் வந்தது. திரும்பக் குறித்தபோது முரண்பாடு மூன்றாகக் குறைந்தது. ஒரே தலைப்புகளைத் திரும்பக் குறித்தது முறைப்படி தப்பு, புதிதாக 40 எடுத்திருக்க வேண்டும் என்று அவளே சொன்னாள். கணிதக்காரி.

அந்த ஒன்றரைப் பக்கத்துக்குத்தான் குறியீட்டுக் கையேடு என்று பெயர். நான் திருத்திய ஆய்வேடுகளின் பின்னிணைப்பில் வினாத்தாள் இருக்கிறது, நாளிதழ்களின் முதல் பக்க நகல் இருக்கிறது, நெறியாளரோடு எடுத்த புகைப்படம்கூட ஒன்றில் இருந்தது. குறியீட்டுக் கையேடு எதிலும் இல்லை.

அடுத்து ஒரு குறை, கொஞ்சம் உரிமையோடு சொல்கிறேன். மாணவர்கள் பயன்படுத்தும் குறியீட்டுத் தாள் ஆங்கிலப் பாடநூலிலிருந்து வருகிறது. அதனால் தமிழ் மட்டும் காட்டிக்கொடுக்கும் விஷயங்களை அது பார்ப்பதில்லை. ஆங்கிலத்தில் கைதானவர் அமைச்சரானாலும் பிக்பாக்கெட் ஆனாலும் வினைச்சொல் ஒன்றுதான். தமிழில் ‘கைது செய்யப்பட்டார்’ என்பதற்கும் ‘சிக்கினான்’ என்பதற்கும் நடுவில் ஒரு சமூகமே நிற்கிறது. யாருக்கு ‘ஆர்’ விகுதி, யாருக்கு ‘ஆன்’ என்று எண்ணிப் பார்த்தால், மரியாதையை நாளிதழ் எப்படிப் பங்கு போடுகிறது என்பது தெரிந்துவிடும். கண்ணுக்கு நேராகத் தெரியும் உள்ளடக்கத்தைத்தான் எண்ண வேண்டும் என்று இந்த முறைக்குப் பாடநூல் எழுதிய பெரல்சன் 1952-இல் வரையறுத்தார். எண்ணிக்கையில் பிடிபடாத அர்த்தம் இருக்கிறதே என்று கிராக்கவர் அதே ஆண்டு மறுத்து எழுதினார். தமிழ் விகுதியை அந்த இரண்டு பேரிடமும் காட்டியிருக்க வேண்டும். வெளிப்படையாகவும் இருக்கிறது, உள்ளே அர்த்தத்தையும் வைத்திருக்கிறது.

இதில் நாளிதழ் மேசையில் இருந்தவனாக ஓர் எச்சரிக்கை: தலைப்பை மட்டும் குறித்தால் இது கிடைக்காது. ‘வாலிபர் கைது’, ‘இளம்பெண் பலி’ என்று தலைப்பில் வினைமுற்றை நாங்கள் வெட்டிவிடுவோம். விகுதி செய்தியின் உடலில்தான் இருக்கும். பெயர்ச்சொல்லையும் பாருங்கள். எங்கள் மேசையில் குற்றம் செய்தால் ‘வாலிபர்’, பதக்கம் வாங்கினால் ‘இளைஞர்’. அப்படி ஒரு விதி எங்கும் எழுதப்படவில்லை, கை தானாகப் போகும். ‘கலைஞர்’ என்று எழுதிய நாளிதழ் எது, ‘கருணாநிதி’ என்று எழுதிய நாளிதழ் எது என்பது வாசகருக்கு எப்போதுமே தெரிந்திருந்தது. அதை எண்ணிப் பார்க்க ஆய்வாளருக்கு என்ன தடை?

கணினியில் தேடி எண்ணுகிறவர்களும் இப்போது வந்துவிட்டார்கள். ‘கொலை’ என்று தேடினால் ‘தற்கொலை’ எல்லாம் சேர்ந்து வரும். ‘சாதி’ என்று தேடினால் ‘பிளஸ் டூ தேர்வில் சாதித்த மாணவி’ வந்து நிற்பார். ‘ஜாதி’ என்று எழுதும் நாளிதழ் கணக்கிலேயே வராது. பழைய கோப்புகள் யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் இருந்தால் ஒன்றுமே வராது. ‘செய்திகள் இல்லை’ என்று அட்டவணையில் பூச்சியம் போட்டுவிடுவார்கள். செயற்கை நுண்ணறிவு இயந்திரத்திடம் கேட்டுக் குறிக்கும் பழக்கமும் வந்துவிட்டது. ஒரு மாணவி, அதனிடம் இரண்டு தடவை கேட்டதாகவும் இரண்டும் அப்படியே ஒத்துப்போனதாகவும் பெருமையாகச் சொன்னார். ஒரே ஆளை இரண்டு தடவை கேட்டால் இரண்டு சாட்சி ஆகிவிடுமா?

எந்தெந்த நாள் இதழ்களை எடுப்பது என்பதிலும் ஒரு வார்த்தை. ‘டிசம்பர் 1 முதல் 31 வரை’ என்று ஒரு மாதத்தை அப்படியே எடுப்பதுதான் வழக்கமாக இருக்கிறது. சுற்றுச்சூழல் செய்திகளை ஆராய்கிறவர் 2015 டிசம்பரை எடுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? சென்னை வெள்ளம். ஏரி, கால்வாய், ஆக்கிரமிப்பு என்று பக்கம் பக்கமாக வந்த மாதம் அது. தமிழ் நாளிதழ்கள் சுற்றுச்சூழலுக்கு அபார முக்கியத்துவம் தருகின்றன என்று முடிவு வந்திருக்கும். இதற்குத்தான் ஆண்டு முழுவதிலிருந்தும் ஒரு திங்கள், ஒரு செவ்வாய் என்று குலுக்கிப் போட்டு எடுக்கும் ‘கட்டமைத்த வாரம்’. இப்படி இரண்டு வாரம், அதாவது 14 இதழ்கள் எடுத்தாலே ஒரு நாளிதழின் ஓர் ஆண்டுக்கு ஓரளவு போதும் என்று 1993-இல் ரிஃப், ஆஸ்ட், லேசி மூவரும் சோதித்துக் காட்டினார்கள். 31 இதழ்களைவிட 14 குறைவு. வேலையும் மிச்சம்.

மிச்சமாகும் நேரத்தை இரண்டாவது ஆளுக்குக் கொடுக்கலாம். என் முதல் கோரிக்கையே அதுதான். இரண்டாவது குறியிடுநர் என்பது தோழியிடம் கெஞ்சி வாங்கும் கையெழுத்தாக இருக்கக் கூடாது. துறையே ஏற்பாடு செய்ய வேண்டும். ஒரு மாணவருக்கு இன்னொரு மாணவர் குறித்துக் கொடுப்பதை வகுப்பு வேலையாகவே வைத்து மதிப்பெண் கொடுக்கலாம், செலவில்லை. குறியீட்டுக் கையேடு பின்னிணைப்பில் இல்லாத ஆய்வேட்டைத் திருப்பி அனுப்புங்கள். எந்தக் கேள்விக்கு உடன்பாடு குறைவாக இருந்தது, ஏன் என்று ஒரு பக்கம் எழுதச் சொல்லுங்கள். அந்தப் பக்கம் ஆய்வேட்டிலேயே சுவாரசியமான பக்கமாக இருக்கும் என்று நான் பந்தயம் கட்டத் தயார். அப்புறம், 0.61 என்று ஒரு மாணவர் உண்மையைச் சொன்னால் தயவுசெய்து அவரைத் திட்டாதீர்கள். கையேட்டைத் திருத்தி மறுபடி செய்யச் சொல்லுங்கள். உண்மையான 0.61-க்குத் திட்டு, திருடிய 0.87-க்குப் பாராட்டு என்று இருந்தால் அவர்கள் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்?

ஒழுங்காகச் செய்தால் நம் நாளிதழ்களிலிருந்து என்ன எடுக்க முடியும் என்பதற்குத் தூரத்தில் தேட வேண்டாம். 2016-இல் தமிழ்நாட்டின் முக்கியமான 9 நாளிதழ்களில் வந்த தற்கொலைச் செய்திகள் 1681-ஐ எடுத்து, உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல்களோடு ஒப்பிட்டார்கள் ஓர் ஆய்வுக் குழுவினர். 43.3 சதவீதச் செய்திகளில் தற்கொலை செய்துகொண்ட முறை விவரமாக இருந்தது. உதவிக்கு எங்கே அழைக்கலாம் என்ற தகவல் இருந்தவை 2.5 சதவீதம். ‘நேர்மறை, எதிர்மறை’ கட்டம் அங்கே தேவைப்படவில்லை. முறை இருக்கிறதா, இல்லையா? எண் இருக்கிறதா, இல்லையா? யார் பார்த்தாலும் தெரியும் கேள்விகள். 2019 செப்டம்பரில் இந்தியப் பத்திரிகை மன்றம், முறையை விவரிக்காதீர்கள் என்று வழிகாட்டுதல் வெளியிட்டது. அந்த 43.3-இல் நான் செப்பனிட்ட செய்திகள் எத்தனை என்று எனக்குள் ஒரு கேள்வி உண்டு. 2016-இல் நான் அந்த மேசையில்தான் இருந்தேன். எந்தத் தலையங்கமும் என்னை இப்படிக் கேட்கவைத்ததில்லை, இந்த இரண்டு எண்கள் கேட்கவைத்தன.

என் எம்.ஏ. ஆய்வேட்டையும் சொல்லிவிடுகிறேன். அதிலும் இரண்டு குறியிடுநர்கள் இருந்தார்கள், காகிதத்தில். இரண்டாவது ஆள் என் அறைத்தோழன். அவன் ஒரு செய்தியைக்கூடப் படிக்கவில்லை, நான் வாங்கிக் கொடுத்த பரோட்டாவுக்காகக் கையெழுத்துப் போட்டான். ஆக, மூன்று ஆய்வேடுகளில் திரும்பத் திரும்ப வந்த 0.87-ஐப் பார்த்தபோது எனக்கு அதிர்ச்சி வரவில்லை, பழைய ஆளைப் பார்த்ததுபோல இருந்தது. ‘குறியிடுநர்’ என்பதில் இருந்த எழுத்துப்பிழையை மட்டும் திருத்திவிட்டு அந்த ஆய்வேட்டை நான் திருப்பிக் கொடுத்தேன். எண்ணில் எழுத்துப்பிழை இல்லை.

அடுத்த பருவத்தில் எந்தத் துறை கூப்பிட்டாலும், அந்த 40 தலைப்பு நறுக்குகளோடு என் செலவிலேயே வருகிறேன். மாணவர்களை இரண்டு அறைகளில் உட்காரவைத்து ஒரு மணி நேரம் குறிக்கச் சொல்வோம். நெறியாளர்களும் குறிக்க வேண்டும் என்பது மட்டும்தான் என் நிபந்தனை.

அன்புடன்,
ஒரு பிழை திருத்துநர்